ரத்தத்தில் தெரியும் அழற்சியும் புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிதலும்

முழு ரத்தப் பரிசோதனை அறிக்கை ஒன்றைக் கையில் எடுத்துக்கொள்வோம். மொத்த வெள்ளையணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 8,000, அவற்றுள் நியூட்ரோஃபில் 65 விழுக்காடு, லிம்போசைட் 26 விழுக்காடு, தட்டணுக்கள் 2,50,000. இதில் 65-ஐ 26-ஆல் வகுத்தால் 2.5 வருகிறது. நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம், சுருக்கமாக என்.எல்.ஆர்., என்பது இவ்வளவுதான். புதிய கருவியோ புதிய ரசாயனமோ இதற்குத் தேவையில்லை. ஏற்கெனவே எடுத்த ரத்தத்திலிருந்து, ஏற்கெனவே அச்சான இரண்டு எண்களிலிருந்து, ஒரே வகுத்தலில் கிடைத்துவிடுகிறது. இந்த எளிமைதான் ஆய்வாளர்களை இதன்பால் ஈர்த்தது. ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோயைக் கண்டறிய இது உதவுமா என்ற கேள்வியோடு பல நாடுகளிலிருந்தும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. உதவும் என்று சிலவும் உதவாது என்று சிலவும் சொல்வதால், அவற்றைப் பற்றிக் கேள்விப்படும் நோயாளியும் குடும்பத்தாரும் குழம்பிப்போகிறார்கள். இந்த எண்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்ல அவற்றால் இயலாது என்பதை அடிப்படையிலிருந்தே பார்த்துவிடலாம்.

அழற்சி என்றால் என்ன என்பதில் தொடங்குவோம். உடலின் ஒரு பகுதியில் காயமோ கிருமித் தொற்றோ திசுச் சிதைவோ நேரும்போது, அதை எதிர்கொள்ளவும் சீர்செய்யவும் உடல் எடுக்கும் நடவடிக்கைகளின் தொகுப்பே அழற்சி. அந்த இடத்துக்கு வெள்ளையணுக்கள் விரைகின்றன. அங்கிருந்து வெளியேறும் வேதித் தூதுப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜைக்கும் கல்லீரலுக்கும் சேதி சொல்கின்றன. சேதி கிடைத்ததும் மஜ்ஜை கூடுதலாக நியூட்ரோஃபில்களை வெளியே அனுப்புகிறது, கல்லீரல் சி.ஆர்.பி. போன்ற புரதங்களைச் சுரக்கிறது. சேதி எந்த உறுப்பிலிருந்து வந்தாலும் மஜ்ஜையும் கல்லீரலும் தரும் பதில் ஏறத்தாழ ஒன்றேதான். நுரையீரலில் தொற்று என்றாலும், ஈறுகளில் நாள்பட்ட நோய் என்றாலும், மூட்டில் வாத நோய் என்றாலும், அவை ரத்தத்தில் கிளப்பும் மாற்றம் ஒரே சாயலில் இருக்கும். இந்த ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால், பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

அழற்சியை ரத்தத்தில் அளக்கும் வழிகளில் மிகப் பழையவற்றுள் ஒன்று இ.எஸ்.ஆர்., அதாவது சிவப்பணுக்கள் படியும் வேகம். உறையாமல் தடுக்கப்பட்ட ரத்தத்தை ஒரு மெல்லிய செங்குத்துக் குழாயில் நிரப்பி, அசையாமல் ஒரு மணி நேரம் விட்டுவைப்பார்கள். சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்க, மேலே வெளிர்மஞ்சள் நிறத்தில் தெளிந்த நீர் தெரியத் தொடங்கும். அந்தத் தெளிவின் உயரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதே முடிவு. அழற்சி இருக்கும்போது ரத்தத்தில் ஃபைப்ரினோஜென் என்ற புரதம் கூடுகிறது. அது சிவப்பணுக்களை நாணய அடுக்குபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவைக்கிறது. அடுக்கு கனமாக இருப்பதால் விரைவாக இறங்குகிறது. ரத்தசோகை இருந்தாலும் இந்த வேகம் கூடும், வயது ஏறினாலும் கூடும். எனவே இது அழற்சியைக் கோடிகாட்டுமே தவிர அறுதியிட்டுச் சொல்லாது. சி.ஆர்.பி. இதைவிடத் துரிதமானது. 1930-இல் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டறியப்பட்ட இந்தப் புரதம், தூண்டுதல் ஏற்பட்ட சில மணி நேரத்திலேயே உயரத் தொடங்கி, தூண்டுதல் நின்றதும் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும்.

இவற்றுக்கு அடுத்த தலைமுறை என்று சொல்லத்தக்கவை முன்னர் பார்த்த விகிதங்கள். என்.எல்.ஆரைப் போலவே, தட்டணு எண்ணிக்கையை லிம்போசைட் எண்ணிக்கையால் வகுத்தால் பி.எல்.ஆர். கிடைக்கிறது, நம் எடுத்துக்காட்டில் லிம்போசைட் 8,000-இல் 26 விழுக்காடு, அதாவது 2,080, எனவே பி.எல்.ஆர். ஏறத்தாழ 120. தட்டணு எண்ணிக்கையை என்.எல்.ஆரோடு பெருக்கினால் எஸ்.ஐ.ஐ. என்ற குறியீடு, தட்டணுவை ஆயிரங்களில் கொண்டால் 250-ஐ 2.5-ஆல் பெருக்க 625. இன்னும் சில சேர்க்கைகளும் உண்டு. பெயர்கள் பலவாயினும் அடியில் இருப்பவை அதே மூன்று நான்கு அணுக்களின் எண்ணிக்கைகள்தாம் என்பதால், ஒவ்வொன்றையும் தனித்தனிக் கண்டுபிடிப்பாக நினைத்து மலைக்க வேண்டியதில்லை.

புற்றுநோய்க்கும் இதற்கும் என்ன தொடர்பு

புற்றுநோய்த் திசுவுக்குள் வெள்ளையணுக்கள் குழுமியிருப்பதைக் கண்டு, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் உறவிருக்கக்கூடும் என்று ஜெர்மானிய நோய்க்குறியியல் அறிஞர் ருடால்ஃப் விர்க்கோ 1863-இலேயே கருதினார். இன்று அந்த உறவின் சில இழைகள் தெளிவாகத் தெரிகின்றன. வளரும் கட்டியும் அதைச் சூழ்ந்த செல்களும் இன்டர்லூக்கின்-6 போன்ற தூதுப் பொருள்களை வெளியிட, மஜ்ஜை நியூட்ரோஃபில்களைக் கூடுதலாக அனுப்புகிறது. அந்த நியூட்ரோஃபில்களில் ஒரு பகுதி கட்டிக்குப் புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கத் துணைபோகிறது. லிம்போசைட்டுகளோ புற்றுநோய்ச் செல்களை அடையாளம் கண்டு அழிக்கும் வேலையைச் செய்பவை. ஆகவே என்.எல்.ஆர். உயர்வது, நோய்க்குத் துணைபோகும் தரப்பு பெருகி எதிர்க்கும் தரப்பு மெலிந்திருப்பதைக் காட்டுகிறது என்று விளக்கம் தருகிறார்கள். சற்று எளிமைப்படுத்தப்பட்ட விளக்கம்தான். ஆயினும் அடிப்படையில் பிழையில்லை.

இந்த விளக்கம் மிக நன்றாகப் பொருந்துவது முற்றிய நோயில். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புகளுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவி, ஹார்மோன் சிகிச்சைக்கும் கட்டுப்படாத நிலையை எட்டிய ஆண்களிடம், சிகிச்சை தொடங்குமுன் என்.எல்.ஆர். உயர்ந்திருந்தால் வாழ்நாள் குறைவாக இருப்பதைப் பெரிய மருத்துவ ஆய்வுகளின் தரவுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆனால் நோய் இருப்பது தெரிந்த ஒருவருக்கு அது எவ்வாறு போகும் என்று முன்னுரைப்பது வேறு. நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒருவருக்கு அதைக் கண்டுபிடித்துச் சொல்வது வேறு. முதலாவதில் நன்கு உழைக்கும் ஒரு குறியீடு இரண்டாவதிலும் உழைக்கும் என்று எடுத்துக்கொள்வதே இத்துறையில் நான் மிகுதியாகக் காணும் தவறு.

இதற்கான காரணம் அளவில் இருக்கிறது. இளம் வயதில் புராஸ்டேட் சுரப்பியின் கன அளவு 20 முதல் 25 மில்லிலிட்டர்தான். அதனுள் சில மில்லிமீட்டர் அகலத்தில், பெரும்பாலும் மிக மெதுவாக வளரும் ஒரு புற்றுநோய்த் திட்டு, உடல் முழுவதும் ஓடும் ஐந்து லிட்டர் ரத்தத்தின் அணுக் கணக்கை மாற்றும் அளவுக்கு ஓசை எழுப்புவதில்லை. அதே ரத்தத்தில் ஓர் ஈறு நோயும், ஒரு சளிக் காய்ச்சலும், புகைப் பழக்கமும், உடல் பருமனும், சர்க்கரை நோயும் ஒவ்வொன்றும் தம் பங்குக்கு அழற்சிக் குறிகளை உயர்த்திக்கொண்டிருக்கும்போது, அந்தச் சிறு திட்டின் குரலைத் தனியே பிரித்துக் கேட்பது எளிதா? மேலே பார்த்த ஆளுக்கே இடையில் ஒரு காய்ச்சல் வந்தால் வெள்ளையணு 12,000, நியூட்ரோஃபில் 80 விழுக்காடு, லிம்போசைட் 14 விழுக்காடு என்று மாறலாம். அப்போது என்.எல்.ஆர். 5.7. புராஸ்டேட்டில் எதுவுமே மாறவில்லை. எண் மட்டும் இரண்டு மடங்குக்குமேல் ஆகிவிட்டது. ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவருக்கும் இதே கதைதான், ஏனெனில் அம்மருந்து ரத்த ஓட்டத்தில் நியூட்ரோஃபில்களைக் கூட்டி லிம்போசைட்டுகளைக் குறைக்கிறது.

பி.எஸ்.ஏ.வும் அழற்சியும்

புராஸ்டேட் புற்றுநோயைப் பற்றிய பேச்சில் முதலிடம் பெறும் பி.எஸ்.ஏ. ஓர் அழற்சிக் குறியீடு அன்று. அது புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு நொதி. விந்துவை நீர்த்துப்போகச் செய்வது அதன் பணி. சுரப்பியின் கட்டமைப்பு குலையும்போது அது ரத்தத்துக்குள் கசிகிறது. கட்டமைப்பைக் குலைப்பது புற்றுநோயாகவும் இருக்கலாம், புராஸ்டேட் அழற்சியாகவும் இருக்கலாம். இவை இரண்டும் இல்லாமல், வயதோடு சுரப்பி பருத்திருப்பதாலும் அளவு கூடலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இந்தப் பரிசோதனையை 1986-இல் ஏற்கெனவே நோயுள்ளவர்களைக் கண்காணிப்பதற்கும், 1994-இல் நோயைக் கண்டறிய உதவும் பரிசோதனையாகவும் அனுமதித்தது. ஒரு மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் என்பது நெடுங்காலமாகப் புழங்கிவரும் எல்லை. 4 முதல் 10 வரை உள்ள இடைவெளிக்குச் சாம்பல் மண்டலம் என்று பெயர். அதற்குள் வரும் ஆண்களுக்குப் பயாப்ஸி, அதாவது ஊசியால் சிறிது திசுவை எடுத்துச் சோதிக்கும் பரிசோதனை, செய்து பார்த்தால் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே புற்றுநோய் இருக்கும். எஞ்சிய மூவருக்கு ஊசி குத்திய வலியும், ரத்தக் கசிவும், சில வேளைகளில் தொற்றும், பல நாள் கவலையும் வீணாகவே நேர்கின்றன. அதே சமயம் 4-க்குக் கீழே இருந்தால் அச்சமில்லை என்றும் சொல்வதற்கில்லை; 2004-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், 4-ஐத் தாண்டாத ஆண்களிலும் சுமார் 15 விழுக்காட்டினருக்குப் பயாப்ஸியில் புற்றுநோய் தெரிந்தது.

அந்த மூவரைத் தேவையற்ற ஊசியிலிருந்து காப்பாற்ற முடியுமா என்ற அக்கறையிலிருந்துதான் அழற்சிக் குறியீடுகளைப் பற்றிய ஆய்வுகள் பிறந்தன. நோக்கம் உயர்ந்தது; அதில் ஐயமில்லை. ஆனால் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது: பி.எஸ்.ஏ.வை உயர்த்திய காரணம் புராஸ்டேட் அழற்சியாக இருந்தால், அதே அழற்சி என்.எல்.ஆரையும் உயர்த்தக்கூடும். அப்படியானால் உயர்ந்த என்.எல்.ஆர். புற்றுநோய்ப் பக்கம் கை காட்டுகிறதா, புற்றுநோய் இல்லாத பக்கமா? சில ஆய்வுகளில் புற்றுநோய் உள்ளவர்களிடம் விகிதம் கூடுதலாகவும், சிலவற்றில் வேறுபாடே இல்லாமலும் இருந்ததில் வியப்பில்லை. ஒப்பீட்டுக் குழுவில் எத்தனை பேருக்கு மறைந்த அழற்சி இருந்தது என்பதைப் பொறுத்து முடிவும் மாறிவிடுகிறது.

திசுவை நேரடியாகப் பார்த்த ஆய்வுகளிலும் இந்த இழுபறி உண்டு. பி.எஸ்.ஏ. உயர்ந்ததால் பயாப்ஸி செய்யப்பட்டு, புற்றுநோய் இல்லை என்று தெரிந்த ஆண்களைப் பின்தொடர்ந்த ஒரு பெரிய ஆய்வில், முதல் பயாப்ஸியில் அழற்சி இருந்தவர்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் கண்டறியப்படுவது குறைவாகவே இருந்தது. பி.எஸ்.ஏ. எவ்வளவு என்று பாராமல் எல்லோருக்கும் பயாப்ஸி செய்யத் திட்டமிட்ட மற்றோர் ஆய்விலோ, புற்றுநோயற்ற திசுப் பகுதியில் அழற்சி இருந்தவர்களிடம் புற்றுநோய் கூடுதலாகக் காணப்பட்டது. இரண்டும் பொய்யில்லை. முதல் ஆய்வில் அழற்சியே பி.எஸ்.ஏ.வை உயர்த்தி அந்த ஆண்களைப் பயாப்ஸி மேசைக்கு அழைத்து வந்திருக்கலாம். இரண்டாவதில் அந்த வடிகட்டல் இல்லை. யாரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கிறோம் என்பது என்ன காண்கிறோம் என்பதைத் தீர்மானித்துவிடுகிறது.

சராசரி வேறு, தனி மனிதர் வேறு

ஆய்வுக் கட்டுரைகளைப் படிப்பவர்கள் தவறாமல் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 'புற்றுநோய்க் குழுவில் என்.எல்.ஆர். சராசரி கூடுதலாக இருந்தது. வேறுபாடு புள்ளியியல்படி முக்கியமானது' என்ற வாக்கியம் வரும்போது, அந்தக் குறியீடு ஆளைப் பிரித்துக் காட்டும் என்று மனம் தாவிவிடுகிறது. ஆண்களின் சராசரி உயரம் பெண்களின் சராசரி உயரத்தைவிடக் கூடுதல் என்பது உறுதியான உண்மை. ஆனால் ஒருவருடைய உயரம் 165 செண்டிமீட்டர் என்று மட்டும் சொன்னால் அவர் ஆணா பெண்ணா என்று துணிந்து கூற முடியுமா? இரு குழுக்களின் எண்களும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கும்போது, சராசரியில் உள்ள வேறுபாடு தனி ஒருவருக்குப் பயன்படுவதில்லை.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். சாம்பல் மண்டலத்தில் உள்ள 100 ஆண்களில் 25 பேருக்குப் புற்றுநோய் என்று கொள்வோம். புற்றுநோய் உள்ளவர்களில் 60 விழுக்காட்டினரிடம் உயர்ந்தும், இல்லாதவர்களில் 60 விழுக்காட்டினரிடம் உயராமலும் இருக்கும் ஒரு குறியீடு நம்மிடம் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். 25 பேரில் 15 பேருக்கு அது உயர்ந்திருக்கும். எஞ்சிய 75 பேரில் 30 பேருக்கும் உயர்ந்திருக்கும். ஆக, உயர்ந்த 45 பேரில் 15 பேருக்குத்தான் நோய், மூன்றில் ஒருவர். உயராத 55 பேரிலும் 10 பேருக்கு நோய் இருக்கிறது. ஏறத்தாழ ஐந்தரைப் பேரில் ஒருவர். பரிசோதனைக்கு முன் நான்கில் ஒன்றாக இருந்த வாய்ப்பு, பரிசோதனைக்குப் பின் மூன்றில் ஒன்றாகிறது, அல்லது ஐந்தரையில் ஒன்றாகிறது. 'உங்களுக்கு உயரவில்லை, பயாப்ஸி வேண்டாம்' என்று அந்த 55 பேரையும் திருப்பி அனுப்பினால், பத்து பேரின் புற்றுநோயைக் கண்டும் காணாமல் விட்டதாகிறது. எந்த மருத்துவரும் அதற்குத் துணியமாட்டார், துணியவும் கூடாது.

எல்லை எண்ணும் ஒரு பெரும் தலைவலி. என்.எல்.ஆர். எதற்குமேல் போனால் உயர்வு என்பதற்குப் பொது உடன்பாடு இல்லை. ஆய்வாளர்கள் பலரும் தங்கள் தரவுகளைப் பார்த்தபின், அவற்றுக்கு மிக நன்றாகப் பொருந்தும் எண்ணையே எல்லையாக வைத்துக்கொள்கிறார்கள். அளவெடுத்த உடம்புக்கே தைத்த சட்டை அந்த உடம்பில் அழகாக இருப்பதில் என்ன அதிசயம்? வேறொருவருக்கு அது பொருந்துகிறதா என்று பார்ப்பதே சோதனை. பரம்பரையும் இதில் குறுக்கிடுகிறது. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலரின் சிவப்பணுக்களில் டஃபி என்ற புரதம் இருப்பதில்லை. அவர்களுக்கு எந்த நோயும் இல்லாதபோதே நியூட்ரோஃபில் எண்ணிக்கை குறைவாக இருக்கும். புராஸ்டேட் புற்றுநோய் மிகுதியாகத் தாக்கும் மக்களும் அவர்களே. வேறு மக்களிடம் வகுத்த எல்லையை அவர்கள்மேல் போட்டால், யாரை முதலில் கண்டுபிடிக்க வேண்டுமோ அவர்களையே அது தவறவிடும்.

இக்காரணங்களால்தான், புராஸ்டேட் புற்றுநோயைக் கண்டறிவதற்கான ஐரோப்பிய, அமெரிக்க யூராலஜி (சிறுநீரியல்) சங்கங்களின் வழிகாட்டுதல்கள் பயாப்ஸி செய்யலாமா என்ற முடிவுக்கு என்.எல்.ஆரையோ பி.எல்.ஆரையோ சி.ஆர்.பி.யையோ அடிப்படையாகக் கொள்ளச் சொல்வதில்லை. அந்த முடிவுக்கு வேறு படிகள் இருக்கின்றன. உயர்ந்த பி.எஸ்.ஏ.வைச் சில வாரங்கள் கழித்து மறுபடி அளப்பது முதல் படி. பலருக்கு அது தானாகவே இறங்கிவிடுகிறது. ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் தனித்துத் திரியும் பி.எஸ்.ஏ.வின் விழுக்காட்டைப் பார்ப்பதும் உண்டு. அது 10-க்குக் கீழே என்றால் ஐயம் கூடும், 25-க்கு மேல் என்றால் குறையும். சுரப்பியின் கன அளவால் பி.எஸ்.ஏ.வை வகுத்துப் பெறும் அடர்த்தி 0.15-ஐத் தாண்டுகிறதா என்பதும் கணக்கில் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, எம்.ஆர்.ஐ. படம் இன்று இந்தப் பாதையில் நடு இடத்தைப் பிடித்துவிட்டது. சுரப்பிக்குள் ஐயத்துக்குரிய இடம் எது என்று காட்டி, ஊசி எங்கே போக வேண்டும் என்பதற்கு வழி சொல்கிறது.

அப்படியானால் அழற்சிக் குறியீடுகளை ஒதுக்கிவிடலாமா என்றால், கூடாது என்பேன். அவை உண்மையாகக் கைகொடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது, அது பலரும் எதிர்பார்க்கும் திசைக்கு எதிரானது. குளிர்காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், அடிவயிற்று வலி ஆகியவற்றோடு ஒருவர் வந்து, சி.ஆர்.பி.யும் வெள்ளையணுக்களும் மிக உயர்ந்து, கூடவே பி.எஸ்.ஏ.வும் தாறுமாறாக ஏறியிருந்தால், மருத்துவர் முதலில் எண்ணுவது கடுமையான பாக்டீரியாத் தொற்றால் வந்த புராஸ்டேட் அழற்சியைத்தான். அந்த நிலையில் எடுத்த பி.எஸ்.ஏ.வை வைத்துப் புற்றுநோயைப் பற்றி எதுவும் முடிவு செய்வதில்லை. தொற்றுக்குச் சிகிச்சை தந்து, ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே மறுபடி அளக்கிறார்கள். இதிலும் எச்சரிக்கை வேண்டும். எந்த அறிகுறியும் இல்லாதவரின் பி.எஸ்.ஏ. உயர்ந்திருக்கிறது என்பதற்காக, 'அழற்சியாக இருக்கலாம், ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்ப்போம்' என்று செய்வதை யூராலஜி சங்கங்கள் ஏற்பதில்லை. அதனால் நோயாளிக்கு நன்மை இல்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும் தீமை மட்டும் உண்டு.

ஆகவே உயர்ந்த பி.எஸ்.ஏ. அறிக்கையோடு யூராலஜி மருத்துவரைப் பார்க்கப் போகிறவர், என்.எல்.ஆரைத் தாமே வகுத்துப் பார்த்து அஞ்சுவதையோ ஆறுதல் கொள்வதையோவிட, சில தகவல்களைத் திரட்டி எடுத்துச் செல்வது நல்லது. ரத்தம் கொடுத்த நாளுக்கு முந்தைய வாரங்களில் காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்ததா, சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டதா, ஸ்டீராய்டு எடுத்தாரா, சுரப்பி வீக்கத்துக்காக ஃபினாஸ்டிரைடு மாத்திரை சாப்பிடுகிறாரா என்பவை அவை. கடைசியாகச் சொன்ன மாத்திரை பி.எஸ்.ஏ.வை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். அதைச் சொல்லாமல் விட்டால், உயர்ந்திருக்கும் அளவுகூட இயல்பானதாகத் தோன்றி ஏமாற்றிவிடும்.

எம்.ஆர்.ஐ. படத்தையும் அழற்சி ஏமாற்றும் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்காகப் பி.சி.ஜி. மருந்தைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்திக்கொண்டவர்களுக்குச் சில வேளைகளில் புராஸ்டேட்டில் உருவாகும் ஒருவகை அழற்சி, படத்தில் புற்றுநோயைப் போலவே கருமையாகத் தெரியும். விரலால் தொட்டுப் பார்த்தாலும் அதேபோலக் கெட்டியாக இருக்கும். அங்கேயும் ஐயத்தைத் தீர்ப்பது பயாப்ஸி ஊசியில் வரும் நூல்போன்ற திசுத் துண்டுதான். அதை மெழுகில் பதித்து, மெல்லிய தகடாகச் சீவி, சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் வைக்கும் நோய்க்குறியியல் மருத்துவரின் கண்ணுக்கு, லிம்போசைட்டுகள் கரும்புள்ளிகளாக மொய்த்திருக்கும் அழற்சி ஓர் ஓரத்திலும், ஒழுங்கு குலைந்து நெருங்கிய சிறு சுரப்பிகளாகப் புற்றுநோய் மறு ஓரத்திலும் ஒரே கண்ணாடித் துண்டில் அருகருகே தெரிவது உண்டு.